கட்டுநாயக்கவிலிருந்து ரியாத்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

எமது லயங்களில் எந்த லயத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு வீட்டிலாவது மகளோ, மருமகளோ, தம்பியோ வெளிநாட்டில் இருப்பார்கள். சவூதி, குவைத், கட்டார், டுபாய், ஜோர்தான் என்ற பெயர்கள் அட்டன், தலவாக்கலை மாதிரி எமது வாயில் பழகிவிட்டன. ஆனால் அந்த ஊர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, இங்கே ஏறிய பிள்ளை அங்கே எப்போது இறங்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறோம். ஒருவர், "மூணு மணித்தியாலந்தான், பஸ்ஸுல கொழும்புக்குப் போறதவிட சுருக்கா போயிரலாம்" என்பார். இன்னொருவர், "ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும்" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று மணித்தியாலம் என்றவர் டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னார். ஒரு நாள் என்றவர் தன் மகள் சுற்றிப் போன வழியைப் பார்த்துச் சொன்னார்.

இந்தக் கணக்கு சரியாகத் தெரியாததால் வரும் வேதனை சின்னதல்ல. பிள்ளையை அனுப்பிவிட்டு வந்து, "இன்னேரம் எறங்கியிருக்கணுமே, ஏன் போன் வரல?" என்று விடிய விடிய அடுப்படியில் உட்கார்ந்திருந்த தாய்மார் எத்தனையோ பேர். திகதியைப் பிழையாக விளங்கிக்கொண்டு விமானத்தையே தவறவிட்டவர்களும் உண்டு. ஆகவே இந்த இதழில், எமது பிள்ளைகள் அதிகம் போகும் ரியாத் நகரை எடுத்துக்கொண்டு, தூரத்தையும் நேரத்தையும் ஒழுங்காகக் கணக்குப் பார்ப்போம். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற ஊர்களுக்கும் அதே முறைதான்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சவூதி அரேபியாவின் தலைநகரான ரியாத் விமான நிலையம் வரை நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 4,040 கிலோமீட்டர். பெரியவர்கள் பேசும் கட்டைக் கணக்கில் சொன்னால் 2,500 கட்டைக்குக் கொஞ்சம் மேலே. எமது இலங்கை வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தெவிநுவர முனை வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளம். அப்படி ஒன்பது இலங்கையை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கினாலும் ரியாத் வந்து சேராது.

நேர்கோடு என்றதும் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு போடக்கூடாது. பூமி உருண்டை. பள்ளிக்கூடத்தில் பூகோள உருண்டை இருந்தால் பிள்ளைகள் ஒரு நூலை எடுத்துக் கொழும்பில் ஒரு நுனியையும் ரியாத்தில் மறு நுனியையும் வைத்து இறுக்கி இழுத்துப் பார்க்கட்டும். நூல் எந்த வழியாகக் கிடக்கிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. உருண்டை இல்லாவிட்டால் ஒரு தோடம்பழத்தில் இரண்டு புள்ளி வைத்துச் செய்தாலும் விளங்கும். விமானங்கள் கூடியவரை இந்த நூல் பாதையை ஒட்டியே போகின்றன. காற்று, மழை மேகம், வேறு விமானங்கள், சில நாட்டு வான்பரப்புத் தடைகள் ஆகியவற்றால் கொஞ்சம் அங்குமிங்கும் விலகுவதும் உண்டு.

அந்த நூல் எங்கெங்கே போகிறது என்று பார்த்தால் எமக்கு ஒரு தனி ருசி இருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து வடமேற்காக எழும்பி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, இந்தியாவின் தென்முனைக்கு மேலே, திருநெல்வேலிச் சீமைக்கும் திருவனந்தபுரத்துக்கும் பக்கமாக அது போகிறது. எமது பாட்டன் பூட்டன்மாரில் பலர் அந்தத் தென்பகுதிச் சீமைகளிலிருந்து வந்தவர்கள்தான். 1914இல் இராமேஸ்வரம் பக்கத்துத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கும் முன்பு, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நாட்கணக்காக நடந்து மலைநாடு வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். இன்று அவர்களுடைய பேத்தி ஏறிய விமானம் அந்தக் கடலைத் தாண்ட அரை மணித்தியாலம்கூட எடுப்பதில்லை. இரவு விமானமாக இருந்தால் ஜன்னலில் தெரியும் வெளிச்சம் எந்த ஊர் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவும் ஆள் இருக்காது. அதற்குப் பிறகு அரபிக் கடல். கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத நீண்ட பகுதி இதுதான். பின்னர் ஓமான் நாட்டுக் கரை, அதன் பின் மணல் வனாந்தரம், முடிவில் ரியாத்.

இனி நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் ஒன்று மேலே ஏறிய பிறகு மணித்தியாலத்துக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 4,040 கிலோமீட்டரை 850ஆல் பிரித்தால் நாலே முக்கால் மணித்தியாலம் வரும். ஆனால் டிக்கெட்டில் போடுவது அந்த நேரத்தை அல்ல. நின்ற இடத்திலிருந்து அசைந்தது முதல், அந்த ஊரில் போய் நிற்கும் வரை உள்ள நேரத்தைத்தான் போடுவார்கள். ஓடுபாதைக்கு மெதுவாக ஊர்ந்து போக வேண்டும், முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. எல்லாம் சேர்ந்து, நேரடி விமானத்தில் கட்டுநாயக்கவிலிருந்து ரியாத்துக்கு ஐந்தேகால் முதல் ஐந்தேமுக்கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வது சரி. ரயில் ஒழுங்காக ஓடுகிற நாளில் பதுளையிலிருந்து கோட்டைக்கு 290 கிலோமீட்டர் வந்து சேர ஏறக்குறைய பத்து மணித்தியாலம் எடுக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். தூரம் வேறு, நேரம் வேறு.

திரும்பி வரும்போது அதே தூரம்தான், ஆனால் பெரும்பாலும் அரை மணித்தியாலம் வரை குறையும். விமானம் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது எமது பிதுருதலாகலை மலையைப்போல் நாலு மடங்கு உயரத்தில், அரேபியா பக்கம் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது. மார்கழி, தை மாதங்களில் அதன் வேகம் அதிகம். போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். கொழுந்துக் கூடையோடு காற்றுக்கு எதிரே மலையில் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுவதால் அப்போது வித்தியாசம் குறையலாம். (விமானத்துக்குள்ளும் மாறி ஏறும் நிலையங்களிலும் நன்றாகக் குளிரும். பாலைவனத்துக்குப் போகிறோம் என்று ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டாம், கையில் கொடுத்து விடுங்கள்.)

டிக்கெட்டில் இரண்டு கடிகாரம்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் அந்த நாட்டு நேரம். இரண்டும் ஒரே கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரே கடிகாரம் என்று நினைத்துவிடுகிறோம்.

சவூதி, குவைத், கட்டார், பஹ்ரேன், ஜோர்தான் ஆகிய நாடுகள் எம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய், சார்ஜா, அபுதாபி, ஓமான் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். லெபனானில் கோடையில் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை, ஏனென்றால் அவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. கொழும்புக்கும் ரியாத்துக்கும் இடையே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 33 பாகை. ஆகவே எமது மலையில் உச்சிக்கு வந்த சூரியன் ரியாத்தில் உச்சிக்கு வர 2 மணித்தியாலமும் 13 நிமிடமும் ஆகும். நாடுகள் கடிகாரத்தை முழு மணி, அரை மணி என்று வசதிக்கு வைத்துக்கொள்வதால் அது இரண்டரை ஆகியது. 1996ஆம் ஆண்டு மின்சாரத் தட்டுப்பாட்டின்போது எமது நாட்டிலும் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்கே வந்தோம். அந்தப் பத்து வருடத்துக்குள் சவூதி போய்வந்த அக்காமார் இன்றும் "மூணு மணித்தியால வித்தியாசம்" என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் அதுதான். அன்று அது சரி. இன்று சரியில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். டிக்கெட்டில் கொழும்பு 18:30, ரியாத் 21:30 என்று இருக்கிறது. பார்த்தவுடன் மூன்று மணித்தியாலப் பயணம் என்று தோன்றும். 21:30 என்பது ரியாத் நேரம், அதோடு இரண்டரையைக் கூட்டினால் எமது நேரம் நடுச்சாமம் 12 மணி. ஆக, பயணம் ஐந்தரை மணித்தியாலம். இரவு ஒன்பதரைக்கு லயத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் பிள்ளை இன்னும் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்.

இறங்கியவுடனும் போன் வராது. குடிவரவுப் பகுதியில் வரிசையில் நிற்க வேண்டும், விரலடையாளம் எடுப்பார்கள், பெட்டி வர வேண்டும், அழைத்துப் போக வேண்டியவர் வரும் வரை இருக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். இங்கத்தைய சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம். ஆகவே மேலே சொன்ன டிக்கெட்டுக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு முன் செய்தி வரவில்லை என்று பயப்படத் தேவையில்லை.

நேரடி விமானம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஏஜென்சிக்காரர்கள் மலிவான டிக்கெட் எடுக்கும்போது நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டி வரும். உதாரணமாகக் குவைத் போகும் பிள்ளை கட்டாரின் தோஹாவில் மாறுவதாக வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து தோஹா ஏறத்தாழ 3,610 கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலம். விடியற்காலை 04:00 மணிக்குக் கிளம்பினால் தோஹாவில் 06:30, எமக்கு அப்போது காலை ஒன்பது மணி. அங்கே ஏழு மணித்தியாலம் காத்திருந்து, 13:30க்கு அடுத்த விமானம். குவைத்தில் 15:00க்கு இறக்கம். டிக்கெட்டில் 04:00, 15:00 என்று பார்த்தால் பதினொரு மணித்தியாலம். இரண்டரையைக் கூட்டினால் உண்மையில் பதின்மூன்றரை. இதில் ஆகாயத்தில் இருந்தது ஆறரை மணித்தியாலம் மட்டுமே. கொழும்பிலிருந்து குவைத்துக்கு நேரே போனால் 4,140 கிலோமீட்டர், ஐந்தரை மணித்தியாலம் அளவில் முடிந்திருக்கும். ஜோர்தானின் அம்மான் நகரம் இன்னும் தூரம், ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். அங்கே போகிறவர்களுக்கு இப்படி மாறி ஏறுவதுதான் வழக்கம், முழுப் பயணத்துக்கும் ஒரு நாள் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

மாறும் இடத்தில்தான் முதல் முறை போகிற பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கையில் கட்டிய கடிகாரம் இலங்கை நேரத்தைக் காட்டும், போர்டிங் பாஸில் இருப்பது அந்த ஊர் நேரம். தோஹாவில் மதியம் 12 மணியாக இருக்கும்போது கைக் கடிகாரத்தில் இரண்டரை. "ஐயோ, ஒன்றரை மணி விமானம் போயிருச்சே" என்று அழுதுகொண்டு நிற்பார்கள். இதிலாவது கண்ணீரோடு போயிற்று. திரும்பி வரும்போதுதான் உண்மையான ஆபத்து. ரியாத்திலிருந்து டுபாய் வழியாக வருகிறவரின் கடிகாரம் ரியாத் நேரத்தில் இருந்தால், டுபாய் நேரத்துக்கு அது ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கும். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று தேநீர் குடித்துக்கொண்டிருப்பார், விமானம் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். எனவே இறங்கிய இடத்தில் கைக் கடிகாரத்தை நம்பாமல் நிலையத்துச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்க்கும்படி பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். படிப்புக் குறைந்த பிள்ளையாக இருந்தாலும் போர்டிங் பாஸை அங்குள்ள உத்தியோகத்தரிடம் காட்டிக் கை நீட்டிக் கேட்டால் வழி சொல்வார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சில நாட்களில் எந்தக் கணக்கும் உதவாது. 2025 ஜூன் 23ஆம் திகதி இரவு, ஈரான் ஏவுகணைத் தாக்குதலின்போது கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலங்கள் மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. இப்படியான செய்தி வானொலியில் கேட்டால், டிக்கெட்டில் உள்ள நேரத்தை விட்டுவிட்டு ஏஜென்சியிடம் விமான இலக்கத்தைச் சொல்லி விசாரிக்க வேண்டும். அதற்காகத்தான் டிக்கெட்டின் பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்கிறோம். விமான இலக்கம், மாறும் ஊர், இரண்டு நேரங்கள், பாஸ்போர்ட்டின் பிரதி, ஏஜென்சியின் போன் நம்பர் ஆகியவை இல்லாமல் பிள்ளையை வேனில் ஏற்றாதீர்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி இறங்கி ஒரு நாள் ஆகியும் தகவல் இல்லை, ஏஜென்சியும் சரியான பதில் தரவில்லை என்றால் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நடுச்சாமத்துத் திகதி

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. டிக்கெட்டில் 15ஆம் திகதி, 00:40 என்று இருந்தது. 15ஆம் திகதி பகல் முழுவதும் உறவினர் வந்து, கோயிலில் பூசை வைத்து, பின்னேரம் வேனில் கிளம்பினார்கள். கட்டுநாயக்கவுக்குப் போனபோது அந்த விமானம் போய் இருபது மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடன்பட்டுக் கட்டிய காசு, வேன் கூலி, எல்லாம் போயிற்று. 00:40 என்றால் 14ஆம் திகதி இரவு பன்னிரண்டு மணி கழிந்து நாற்பது நிமிடம். திகதி அந்த நொடியில்தான் 15 ஆகிறது.

அந்த விமானத்துக்குப் போக வேண்டியவர் மூன்று மணித்தியாலம் முன்னதாக, 14ஆம் திகதி இரவு பத்து மணிக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அட்டனிலிருந்து கட்டுநாயக்க 130, 140 கிலோமீட்டர்தான் என்றாலும் வளைவும் நெரிசலும் சேர்ந்து நாலைந்து மணித்தியாலம் ஆகிவிடும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கமோ கடுகண்ணாவைப் பக்கமோ மண்சரிந்து பாதை மூடினால் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே 14ஆம் திகதி பகல் சாப்பாட்டோடு கிளம்பினால் மனம் நிம்மதி. பதுளை, பசறைப் பக்கத்தார் காலையிலேயே கிளம்ப வேண்டும். விமானப் பயணத்தைவிட எமது மலைப்பாதைதான் நேரத்தைத் தின்கிறது.

கலண்டரில் 14ஐ வட்டமிட்டு "இன்று ராத்திரி" என்று எழுதி வையுங்கள். 15ஐத் தொட வேண்டாம்.

பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகும் இந்த இரண்டரை மணித்தியாலம் எம்மை விடாது. நாம் காலை ஆறரைக்குப் பெரட்டுக்குப் போகும்போது சவூதியில் நாலு மணி, இருட்டு. நாம் இரவு ஒன்பதுக்குப் படுக்கப் போகும்போது அங்கே ஆறரை, வீட்டுவேலை செய்யும் பிள்ளை அடுப்படியில் நிற்கும் நேரம். அது வேலை முடித்துப் பதினொன்றரைக்கு போனை எடுத்தால் இங்கே இரண்டு மணி. "எம்புள்ள பேசுறதே இல்ல" என்று ஒரு தாய் குறைப்பட்டார். மகளும் அப்படியே நினைத்திருக்கக்கூடும். விடுமுறை நாளில் ஒரு பொது நேரத்தைப் பேசி முடிவு செய்துகொண்டால் இருவருக்கும் நல்லது. அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் இங்கே ஐந்தரை, கொழுந்து நிறுத்து முடிந்து வீடு திரும்பியிருப்போம்.

கடைசியாக, ஒப்பந்தம் முடிந்து பிள்ளை ஊருக்கு வரும்போது திகதி மறுபக்கமாக விளையாடும். ரியாத்தில் 9ஆம் திகதி இரவு 22:00க்கு விமானம் என்று போனில் சொல்லும். எமது கடிகாரத்தில் அது 10ஆம் திகதி 00:30. அதோடு ஐந்து மணித்தியாலத்தைக் கூட்டினால், கட்டுநாயக்கவில் இறங்குவது 10ஆம் திகதி விடியற்காலை ஐந்தரை. பெட்டி எடுத்து வெளியே வர ஏழு மணி ஆகலாம். வேன்காரரிடம் 9ஆம் திகதி நடுச்சாமத்துக்குத் தோட்டத்திலிருந்து கிளம்பினால் போதும் என்று சொல்லுங்கள். 9ஆம் திகதி பின்னேரமே போய் நின்றால் ஒரு இரவு முழுவதும் காத்திருப்புக் கூலியும் கொடுக்க வேண்டி வரும்.